பட்டினி ஆட்டின் ஈரல்

அறுத்த உடனே கையில் வாங்கினால் ஆட்டு ஈரல் சுடும். எழுபதுகளின் கடைசியில், ஏறக்குறைய ஒன்றரை வருடம், வாரத்துக்கு இரண்டு நாள் விடியற்காலையில் அந்தச் சூட்டை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் மெட்ராஸில் இருந்தார். மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுவார். வீட்டுக்காரருக்குக் குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிக் கம்பெனியில் கணக்கு வேலை. தினமும் போய் வர வேண்டும். மகள் ஒன்றாம் வகுப்பு. ஈரல் வாங்கப் போகும் நாட்களில் நாலு மணிக்கே எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, அவளுக்குச் சீருடை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புவேன்.

"இன்னைக்கும் ஈரல் நாளா?" என்று அவர் போர்வைக்குள்ளிருந்து கேட்பார். "ஆமா" என்பேன். அதற்கு மேல் பேச இருவருக்கும் தெம்பு இருக்காது.

ஆராய்ச்சி என்று பெரிதாகச் சொன்னாலும் விஷயம் சின்னதுதான். நாம் சாப்பிடும் மாவிலும் சர்க்கரையிலும் செலவானது போக மிஞ்சியதை ஈரல் ஒரு மாவுப்பொருளாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கிளைக்கோஜன் என்று பெயர். சாப்பிடாமல் இருக்கும்போது இரத்தத்தில் சர்க்கரை குறையும். உடனே கணையத்திலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் கிளம்பி ஈரலுக்கு வரும். அது ஈரல் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளிச்சவ்வில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே வேறொரு பொருள் அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு ஓடும். சேர்த்து வைத்த மாவு உடைந்து சர்க்கரையாகி இரத்தத்துக்குப் போகும். பயந்தால் சுரக்கும் அட்ரினலினும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும். இன்சுலின் இதற்கு நேர் எதிர். எலியிலும் நாயிலும் இதையெல்லாம் வெளிநாட்டில் எப்போதோ பார்த்து முடித்துவிட்டார்கள். அசைபோடும் நம்ம ஊர் வெள்ளாட்டில் எவ்வளவு குளுக்ககானுக்கு எவ்வளவு சர்க்கரை வருகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை.

ஊருக்கு வெளியே ஆடு அறுக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. முதல் டவுன் பஸ்ஸில் போய் இறங்குவேன். உள்ளே நான் போனதில்லை. பார்க்கப் பிடிக்காது. வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்கோடு நிற்பேன். பிளாஸ்கில் உப்புக்கரைசலும் உடைத்த ஐஸும் இருக்கும். கறிக்கடைக்காரர் ஒருவர் ஈரலைக் கொண்டுவந்து கொடுப்பார். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். முதல் மாதம் முழுவதும் நான் அதைச் சமைக்கத்தான் வாங்குகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுல ஆருக்காச்சும் ரத்தம் கம்மிங்களா? வாரத்துல ரெண்டு ஈரல் திங்கறீங்களே" என்று ஒருநாள் கேட்டார். கல்லூரியில் சோதனை செய்ய என்றேன். "அடப் பாவமே" என்றார். ஈரலுக்காகப் பரிதாபப்பட்டாரா, எனக்காகவா என்று தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் சவர பிளேடால் ஈரலை மெல்லிய தகடுகளாகச் சீவுவேன். எடை போட்டுக் குடுவைகளில் போடுவேன். பாதிக் குடுவைகளில் குளுக்ககான் சொட்டுகள், மீதிப் பாதியில் வெறும் உப்புக்கரைசல். உடம்புச் சூட்டுக்குத் தண்ணீரைக் காயவைத்து அதில் குடுவைகளை அரைமணி நேரம் ஆட்டிவிட்டு, அந்த நீரை எடுத்துச் சர்க்கரைக்கான ரசாயனம் சேர்த்தால் நீலம் வரும். சர்க்கரை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அழுத்தமான நீலம். ஹார்மோன் போட்ட குடுவை கருநீலமாக வர வேண்டும்.

வரவில்லை. எட்டு மாதம் ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டு வரிசையும் ஒரே வெளிறிய நீலம். நடுவில் மின்சாரம் போய்விட்டால் அன்றைய ஈரலைக் குப்பையில் கொட்டிவிட்டு வகுப்புக்குப் போவேன். என் புடவையில் இரத்த வாடை அடிக்கிறது என்று முன் பெஞ்சுப் பெண்கள் மூக்கைச் சுளித்ததைக் கவனித்திருக்கிறேன். அதற்காக வெட்கப்படுவதற்குக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் எனக்குத் துணை ஒரு அட்டெண்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்டையாம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வீட்டில் தறி இருந்தது. மனைவி நெய்வார். கண்ணாடிச் சாமான்களை அவரைப் போலக் கழுவ எனக்கு வராது. குளுக்ககான் வந்த சின்னக் குப்பியை முதன்முதலில் பிரிட்ஜில் வைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இது எதுல இருந்து எடுக்கறதுங்க மேடம்?"

"பன்னியோட கணையத்துல இருந்து."

"பன்னியோடதை ஊத்துனா ஆட்டு ஈரல் கேக்குமுங்களா?"

"கேக்கும்ணா. எல்லாத்துக்கும் ஒரே பாஷைதான்."

சிரித்தார். அந்தக் குப்பியை மெட்ராஸ் பேராசிரியர் வெளிநாட்டு நண்பர் ஒருவர் மூலம் வரவழைத்திருந்தார். கடுகளவு வெள்ளைத்தூள். அது கெட்டால் இன்னொன்று எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து வந்தேன். பிரிட்ஜின் பிளக் கழற்றிக் கீழே கிடந்தது. அந்தச் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதில் கண்ணாடிச் சாமான்களை உலர்த்தும் ஓவனை அட்டெண்டர் செருகியிருந்தார்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்குது?" என்றேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

"பத்து நிமிசந்தானுங்க மேடம். குடுவை ஈரமா இருந்துச்சு. காலையில சத்தம் போட்டீங்களேன்னு ஓவனைப் போட்டனுங்க. இப்ப மாத்திருவனுங்க."

"எத்தனை நாளா இப்படிப் பண்றீங்க?"

"இன்னைக்கு மட்டுந்தானுங்க."

நான் நம்பவில்லை. எட்டு மாதமாக எனக்கு வேண்டியிருந்த காரணம் கிடைத்துவிட்டது. ஹார்மோன் கெட்டுவிட்டது, கெடுத்தது இவர். அன்று சாயங்காலமே கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் "தொடர்ந்த கவனக்குறைவு" என்று எழுதினேன். நான் பார்த்தது ஒரே ஒரு முறை. "தொடர்ந்த" என்ற சொல்லை எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. நின்றது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. ஆனாலும் எழுதினேன்.

இரண்டு மாதத்தில் அவரைத் தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் போய் வர முடியாத தூரம். கடைசி நாள் எல்லாக் குடுவைகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மேசையைத் துடைத்தார். "வாரேனுங்க மேடம்" என்றார். நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே தலையசைத்தேன்.

பழைய குப்பியைத் தூக்கி எறிய மனம் வராமல் பிரிட்ஜின் மூலையில் போட்டு வைத்திருந்தேன். பேராசிரியருக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதியதில் இரண்டு மாதம் கழித்துப் புதுக் குப்பி வந்தது. புது அட்டெண்டரும் வந்திருந்தார். பிளக்கின் மேல் "கழற்றக் கூடாது" என்று காகிதம் ஒட்டியிருந்தேன். சோதனையைச் செய்தேன்.

அதே வெளிறிய நீலம்.

அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும்தான் இருந்தது. ஆனால் மனசு அந்தப் பக்கம் போகாமல் வேறு வேறு வழிகளில் ஓடியது. காய்ச்சி வடித்த தண்ணீர் சரியில்லையோ, ஆக்சிஜன் போதவில்லையோ, தகடு தடிமனாகிவிட்டதோ. இன்னும் இரண்டு மாதம் இப்படிப் போனது. வீட்டில் மகளுக்கு அம்மை போட்டது. விடுப்பு எடுத்தேன். விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாள், முகம் கழுவக்கூடத் தோன்றாமல் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று கொட்டகையில் வேலையே தொடங்கவில்லை. ஆடு ஏற்றிவந்த லாரி தாமதம். வழக்கமாக நான் வருவதற்குள் ஆடுகளை இறக்கிப் பின்பக்கம் அடைத்துவிடுவார்கள். அன்றுதான் முதன்முதலாக அவை இறங்குவதைப் பார்த்தேன். கால் மரத்துப்போய் இறங்கியதும் சில விழுந்தன. ஒன்று எழுந்திருக்கவே இல்லை. எழுந்தவை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாக்கடைத் தண்ணீருக்குப் போயின. ஒரு கிடா, லாரியில் விரித்திருந்த சாக்கைக் கடித்து இழுத்து மென்றுகொண்டிருந்தது.

லாரிக்காரரிடம் கேட்டேன். "இதுக எப்பங்க தீனி தின்னுச்சு?"

"சந்தையில ஏத்துனது முந்தாநேத்துங்க."

"வழியில ஒண்ணும் போடறதில்லீங்களா?"

"அறுக்கப்போற ஆட்டுக்கு ஆருங்க தீனி போடுவா? தின்னா குடலு நெறஞ்சு கெடக்கும், அறுக்கறவங்களுக்குத் தொந்தரவுங்க."

"எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தானுங்க."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் பட்டினி. லாரியில் நின்றபடியே பயணம். பின்பு ஒன்றின் கண் முன்னால் இன்னொன்று. அந்த ஆடுகளின் உடம்பிலேயே குளுக்ககானும் அட்ரினலினும் முந்தாநாளிலிருந்து ஈரலைப் பிழிந்துகொண்டிருந்திருக்கின்றன. சேர்த்து வைத்த மாவு முழுக்க வழியிலேயே கரைந்திருக்கும். ஒன்றுமில்லாத ஈரலில் நான் பன்றிக் குளுக்ககானை ஊற்றி, சர்க்கரை வரவில்லையே என்று ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கிறேன். முதல் வாரத்திலேயே கிளைக்கோஜன் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பாடப்புத்தகத்தில் இருக்கும் என்று போட்டிருந்ததால் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். கொட்டகைக்குள் ஒருநாள் எட்டிப் பார்த்திருந்தாலும் போதும்.

அன்று வாங்கிய ஈரலை அரைத்து, வடிகட்டி, அயோடின் விட்டேன். கிளைக்கோஜன் இருந்தால் செம்பழுப்பாக மாற வேண்டும். அயோடினின் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

அடுத்த வாரம் கறிக்கடைக்காரரிடம் பேசி மூன்று வெள்ளாடுகளை அவர் வீட்டுக் கொல்லையில் கட்டிவைக்க ஏற்பாடு செய்தேன். நான்கு நாள் அகத்தித்தழை, சோளத்தட்டு, புண்ணாக்குத் தண்ணீர். லாரி கிடையாது, கூட்டம் கிடையாது. ஒன்று சாவதை மற்றொன்று பார்க்கக் கூடாது என்றேன்.

"ஏனுங்க டீச்சர், சாகப்போற ஆட்டுக்கு விருந்துங்களா?" என்று கேட்டார். பிறகு அவராகவே, "நல்லதுதானுங்க, திங்கட்டும்" என்றார்.

இந்த முறை நான் வெளியே நிற்கவில்லை. ஆட்டின் பக்கத்தில் நின்றேன். அது கடைசிவரை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அயோடின் விட்டதும் செம்மண் தண்ணீர் மாதிரி நிறம் வந்தது. அன்று குடுவைகளை மூன்று வரிசையாக வைத்தேன். ஒன்றில் ஹார்மோன் இல்லை. ஒன்றில் புதுக் குப்பியின் ஹார்மோன். மூன்றாவதில் அந்தப் பழைய குப்பி, கெட்டுப்போனதாக நான் எழுதிக் கொடுத்தது. ஏன் அதை எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் முறைப்படி ஒப்பிட்டுப் பார்க்க என்று சொல்லியிருப்பேன்.

முதல் வரிசை இளநீலம். இரண்டாவது கருநீலம். மூன்றாவதும் அதே கருநீலம். நிறம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன். புதியதற்கும் பழையதற்கும் வித்தியாசமே இல்லை.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த நிறம் அது. சந்தோஷம் வரும் என்று ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. குடுவைகளை நானே கழுவி வைத்துவிட்டு மாணவர்களுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுக்கப் போனேன்.

மறுநாள் முதல்வரிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அதெல்லாம் மேல போயாச்சும்மா. இப்ப மாத்தி எழுதுனா, அப்ப ஏன் பொய் எழுதுனீங்கன்னு உங்களைத்தான் கேப்பாங்க. விட்டுருங்க. அவரும் இந்நேரம் அங்க பழகியிருப்பாரு." விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. அவ்வளவு களைப்பு. மூன்று வாரம் விட்டும் விட்டேன்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போயிட்டு வந்துரு. இல்லீனா தூங்க மாட்டே" என்றார். அவர் ஊரான ஆட்டையாம்பட்டிக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். விசாரித்துப் போனபோது வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. அவர் மனைவி தறியில் இருந்தார். நான் யாரென்று சொன்னேன்.

"நீங்கதானுங்களா அந்த மேடம்" என்றார். கையை நிறுத்தவில்லை. உள்ளே பார்த்து, "ஏனுங்க, காலேஜு மேடம் வந்திருக்கறாங்க" என்று குரல் கொடுத்தார்.

அவர் வந்தார். இளைத்திருந்தார். தர்மபுரிப் பக்கத்தில் வேறு இரண்டு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியலில் திரும்புகிறார். பாயை விரித்து உட்காரச் சொன்னார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். லாரி, பட்டினி, அயோடின், பழைய குப்பி. தறிச் சத்தம் நடுவில் நின்றுவிட்டது.

"அப்ப அந்தக் குப்பி கெடவே இல்லீங்களா?"

"கெடலீங்ணா."

"நான் சொன்னனுங்களே, பத்து நிமிசந்தான்னு."

"சொன்னீங்க."

"நீங்க எளுதுனது ஒரு பக்கமுங்க. அதுக்கு வெளக்கம் கேட்டாங்கன்னு நான் நாலு பக்கம் எளுதிக் குடுத்தனுங்க. ஆரும் படிக்கலீங்க." கோபமாகச் சொல்லவில்லை. யாரையோ பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

"தப்பு என்னோடதுங்ணா" என்றேன். அவர் மனைவிதான் தறிக்குழியில் இருந்தபடி கேட்டார். "தப்புன்னு இங்க வந்து சொல்றீங்களே மேடம், அங்க சொல்லுவீங்களா?"

அவர்கள் மகளுடைய நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதிய புகார் தவறானது, பிளக் கழற்றியதைப் பார்த்தது ஒரே முறை, அதனால் எந்தப் பொருளும் கெடவில்லை. அவர் வாங்கி வரிவரியாக மெதுவாகப் படித்தார்.

"பத்து நிமிசம்னு போடுங்க மேடம்."

போட்டேன். அவர் இன்னொரு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஒரு நகல் நீங்களும் அனுப்புங்க. என்னுது மட்டும் போனா படிக்க மாட்டாங்க."

அனுப்பினேன். முதல்வர் சொன்னபடியே எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நானும் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் ஜூன் மாதம் அவர் எங்கள் கல்லூரிக்கே திரும்பி வந்தார். விலங்கியலுக்கு வேண்டாம், அலுவலகத்தில் போடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

பட்டம் கிடைத்தது. நல்லபடியாகத் தின்று வளர்ந்த ஆடுகளின் முடிவுகள் மட்டும் ஆய்வேட்டில் இருந்தன. தோற்றுப்போன மாதங்களை எழுத வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வாய்மொழித் தேர்வில் ஒருவர், "ஆடுகளை ஏன் நாலு நாள் ஓய்வில் வைத்தீர்கள்?" என்று கேட்டார். பட்டினியிலும் பயத்திலும் ஈரலின் கிளைக்கோஜன் தீர்ந்துவிடும் என்று ஒரே வரியில் பதில் சொன்னேன். சரி என்று தலையாட்டி அடுத்த கேள்விக்குப் போனார்.

அதற்குப் பிறகு பழைய அட்டெண்டரை வராந்தாவில் பார்த்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வோம். என் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று எப்போதாவது கேட்பார். ஆய்வுக்கூட வாசலை அவர் மிதிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றார். கையில் ஒரு பரிசோதனைச் சீட்டு.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. ஊட்டுக்காரிக்குச் சக்கரை வியாதின்னு சொல்லிட்டாங்க. ராத்திரி ஒண்ணும் திங்கறதில்லீங்க. ரெண்டு இட்டிலியோட சரி. காலையில வெறும் வயித்துல பார்த்தாலும் சக்கரை ஏறியே கெடக்குது. திங்காம எப்படிங்க ஏறும்?"

உட்காரச் சொன்னேன். ஒரு காகிதத்தில் ஈரலை வரைந்து, இரத்தக்குழாயை வரைந்து சொன்னேன். இராத்திரி நாம் சாப்பிடாதபோது மூளைக்கும் மற்றதற்கும் சர்க்கரை வேண்டுமே, அதை ஈரல் அனுப்பிக்கொண்டே இருக்கும். போதும், நிறுத்து என்று சொல்வது இன்சுலின். அந்தச் சொல் ஈரலுக்குச் சரியாகப் போய்ச் சேராவிட்டால் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கிற மாவு தீர்ந்தாலும் வேறு பொருளிலிருந்து சர்க்கரையைச் செய்து அனுப்பும். வாயில் எதுவும் போட வேண்டியதில்லை.

அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மணி அடித்தது.

"அப்ப அவ திருடித் திங்கலீங்களா?"

"என்னங்ணா சொல்றீங்க?"

"ஒரு மாசமா சண்டைங்க. பொட்டுக்கடலை டப்பாவையும் வெல்லத்தையும் மேல பரண்ல தூக்கி வெச்சுட்டனுங்க. இல்லை, நான் தொடவே இல்லைன்னு அளுதா. நான் நம்பலீங்க."

மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள், மருத்துவரிடம் மறுபடியும் காட்டுங்கள் என்று சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்து போவது ஜன்னல் வழியே தெரிந்தது. எனக்கு மூன்றாம் வருட வகுப்பு இருந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.